வெளியே நிற்கிறவள்

நம்பிக்கை கழன்றுபோன பிறகு ஒரு சடங்கில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்றும் மிஞ்சாது, அது வெறும் கூடு, தூக்கி எறிய வேண்டியது என்பது ஒன்று. கலாசாரச் செல்வம் என்று பெயர் சூட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டியது என்பது மற்றொன்று. முன்னதைப் பகுத்தறிவின் பெயராலும் பின்னதைப் பாரம்பரியத்தின் பெயராலும் சொல்கிறார்கள். இரு கட்சிக்காரர்களும் எவ்வளவு சண்டை போட்டுக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் பூரண ஒற்றுமை உண்டு - சடங்கு செத்துவிட்டது என்பதில். பிணத்தை எரிப்பதா, பாடம் பண்ணி வைப்பதா என்பதுதான் விவகாரம்.

உருவம், உள்ளடக்கம் என்று நாம் ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கும் சண்டைக்கும் இதற்கும் உறவிருப்பதாக எனக்குப் படுகிறது. உள்ளடக்கம்தான் உயிர், உருவம் அதைச் சுமக்கிற பாத்திரம் என்று எண்ணுகிறவனுக்கு, நம்பிக்கை வடிந்துபோன சடங்கு காலிப் பாத்திரம். காலியாக இருப்பது பாத்திரத்தின் குறையா, குணமா என்று அவன் கேட்டுக்கொள்வதில்லை. வாதமாக மட்டுமே இருந்துவந்த இந்தக் கேள்வி, அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வே நகரத்தில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, 2023 ஜனவரி 31 இரவு, ஓர் அனுபவமாக எதிரே வந்து நின்றது. கல்லூரி நண்பர்கள் நால்வருடன் அன்று புனித பிரிஜித்தின் நாளைக் கொண்டாடினேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம்மூர்ச் சடங்கு எதையாவது இழுத்து வைத்துப் பொருத்தம் பார்க்கும் உத்தேசம் எனக்கு இல்லை. அந்தச் சடங்கு அந்த மண்ணுக்கும் மழைக்கும் உரியது. அங்கேயே இருக்கட்டும்.

அயர்லாந்தின் திருநாள் என்றால் உலகம் அறிந்தது மார்ச் 17, பாட்ரிக்கின் நாள். 1903-லேயே அது சட்டப்படி விடுமுறை ஆகிவிட்டது. அதன் ஊர்வலமும் ஆரவாரமும் பெரும்பாலும் கடல் கடந்து போனவர்கள் வளர்த்தவை. நியூயார்க்கில் 1762-லேயே ஊர்வலம் விட்டிருக்கிறார்கள். பிரிஜித்தின் நாள் அப்படியல்ல. பிப்ரவரி 1. தெற்கே கெர்ரியில் வைக்கோல் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிற வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் அது பெரும்பாலும் முந்தின நாள் இருட்டிய பிறகு, சமையலறையிலும் வாசற்படியிலும், வீட்டுக்காரர்களுக்குள்ளேயே நடந்து முடிகிற காரியம். ஐரிஷ் மரபுக் கணக்குப்படி வசந்தத்தின் முதல் நாள் அதுதான். அன்றைக்கு அங்கே இருக்கிறவனுக்கு இதை நம்புவது கஷ்டம். காலை எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது. மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. நடுவில் இருப்பது மழை.

பிரிஜித் கில்டேரில் மடம் நிறுவிய துறவி. ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியில், 524 வாக்கில், மறைந்ததாக மரபு சொல்கிறது. அதே பெயரில், கிறிஸ்தவத்துக்கு முந்திய ஒரு தெய்வமும் உண்டு. காஷெல் நகரின் மன்னரும் பிஷப்புமாக இருந்து 908-ல் போரில் இறந்த கோர்மக்கின் பெயரால் வழங்கும் பழைய சொற்பொருள் நூலில் அவளைப் பற்றிய குறிப்பு வருகிறது: கவிகள் வணங்கிய தெய்வம், அவளுக்கு இரண்டு சகோதரிகள், அவர்கள் பெயரும் பிரிஜித், ஒருத்தி வைத்தியத்துக்கு, ஒருத்தி கொல்லுத் தொழிலுக்கு. கவிதை, மருந்து, உலை மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்த மனசை நான் வியந்துகொண்டிருந்திருக்கிறேன். துறவியும் தெய்வமும் ஒருத்தியேதானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அயர்லாந்துக்குப் போய்வந்து எழுதிய வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, கில்டேரில் பிரிஜித்தின் அணையாத நெருப்பு ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். அதைச் சுற்றி வேலி, அதற்குள் ஆண்கள் போகக்கூடாது. பத்தொன்பது கன்னியாஸ்திரீகள் முறை வைத்து ஆளுக்கோர் இரவு நெருப்பைக் காப்பார்கள். இருபதாம் இரவு யாருக்கும் முறை இல்லை. அது பிரிஜித்தின் இரவு. பத்தொன்பதாமவள் விறகை அடுக்கி வைத்து, உன் நெருப்பை நீயே பார்த்துக்கொள் என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விடுவாள். காலையில் விறகு எரிந்திருக்கும், நெருப்பு இருக்கும். அற்புதம் என்ற அளவில் எனக்கு இதில் அக்கறையில்லை. ஒரு முறைவரிசையைத் திட்டமிடும்போதே அதில் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைக்க அவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அதுதான் விஷயம்.

நாங்கள் ஐந்து பேர், இரண்டு வருஷமாக ஒரே வாடகை வீட்டில். பெயர்கள் வேண்டாம். அந்த நாட்டில் ஒருவரை ஒருவர் மாவட்டத்தின் பெயரால் கேலி செய்வது வழக்கம், அதையே வைத்துக்கொள்கிறேன். லீட்ரிம்காரன் சின்னப் பண்ணை வீட்டிலிருந்து வந்தவன், இன்ஜினீயரிங் படித்தான். டொனகால்காரி நாட்டார் வழக்காற்றியல் மாணவி. டப்ளின்காரன் அரசியல் படித்தவன், மார்க்ஸியவாதி, மதம் என்ற பேச்செடுத்தாலே முகம் சிவக்கும். இன்னொருத்தி கிளேர்காரி, கடல் உயிரினங்களில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எதையும் சட்டை செய்யாத மாதிரி பேசுவாள். அவள் அதிகாரபூர்வப் பெயரில் இரண்டாவது சொல் பிரீத். பிரிஜித் என்பதன் இன்றைய ஐரிஷ் வடிவம் அது.

அந்த வருஷம் விஷயம் சூடு பிடித்ததற்குக் காரணம் அரசாங்கம். பிரிஜித்தின் நாளை ஒட்டிப் புதுப் பொது விடுமுறை என்று 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். 2023 பிப்ரவரி 6, திங்கட்கிழமை, முதல் விடுமுறை. ஒரு பெண்ணின் பெயரால் அந்த நாட்டில் வந்த முதல் பொது விடுமுறை அது. கொள்ளை நோய்க் காலத்தில் உழைத்தவர்களுக்கு நன்றி, இறந்தவர்களுக்கு நினைவு என்று அதற்கு ஓர் அர்த்தமும் கூடவே கட்டி அனுப்பியிருந்தார்கள். டப்ளின்காரன், விடுமுறை தொழிலாளியின் உரிமை, அதை வாங்கிக்கொண்டு தூங்குவோம், புனிதை எதற்கு என்றான். டொனகால்காரிக்குத் திங்கட்கிழமையின்மேல் மரியாதை இல்லை. செய்வதானால் சரியான இரவில் செய்ய வேண்டும் என்றாள். அவள் கையில் 1972-ல் வெளிவந்த கெவின் டனஹரின் 'அயர்லாந்தில் ஒரு வருஷம்' என்ற புத்தகம் இருந்தது. அது போதாதென்று பள்ளிக்கூடத் தொகுப்பிலிருந்து குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தாள். 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் பிள்ளைகள் தங்கள் வீட்டு, அண்டை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிய வழக்கங்களின் பெரும் குவியல் அது. 1942-ல் நாட்டார் வழக்காற்று ஆணையம் பிரிஜித்தின் நாளுக்கென்றே ஒரு கேள்வித்தாளை நாடு முழுவதும் அனுப்பியிருக்கிறது. ஆக, நாங்கள் செய்யப்போவதற்குத் தாராளமான சாட்சியங்கள் இருந்தன. எங்களில் யாருக்கும் இல்லாதது நம்பிக்கை மட்டும்தான். லீட்ரிம்காரன் மட்டும், தன் பாட்டி வீட்டில் மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு மேலே கோரைச் சிலுவை இருந்தது என்றும், அது இல்லாமல் கொட்டகையைத் தன்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்றும் சொன்னான். நம்பிக்கை என்று அதை எப்படிச் சொல்வது?

கிளேர்காரி முதலிலேயே ஒதுங்கிக்கொண்டாள். பிரிஜித் கன்னியாஸ்திரீகளின் சொத்து, எனக்கும் அந்த வகையறாவுக்கும் ஒட்டில்லை என்றாள். டொனகால்காரி விடவில்லை. ஏழாம் நூற்றாண்டில் கோகிடோஸஸ் என்ற துறவி எழுதிய பிரிஜித்தின் சரித்திரத்தில், விரதம் தவறிக் கருவுற்ற ஒரு பெண்ணை பிரிஜித் ஆசீர்வதிக்க, வலியும் பிரசவமும் இல்லாமலே கரு மறைந்துபோனதாக வருகிறது. கருக்கலைப்புத் தடையை அரசியல் சட்டத்திலிருந்து நீக்க 2018 மே 25-ல் நடந்த வாக்கெடுப்பில் 66.4 சதவிகிதம் பேர் நீக்கலாம் என்றார்களே, அவர்கள் பக்கத்துப் புனிதை இவள் என்று டொனகால்காரி வாதாடினாள். கிளேர்காரி சிரித்தாள். ஆனாலும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

கோரை பிடுங்கப் போனோம். நகரத்தைத் தாண்டி வடமேற்கே போனால் இரண்டு பக்கமும் ஈர நிலம். அங்கே வளர்வதைக் கோரை என்றே சொல்லிவிடலாம். நம் பாய்க்கோரை அல்ல, அதற்குப் பங்காளி முறை. இலை கிடையாது. உருண்டையான, வழவழப்பான பச்சைத் தண்டு, உள்ளே வெள்ளை நெட்டி. விவசாயிக்கு அது தண்ணீர் வடியாத மட்ட நிலத்தின் அடையாளம். ஒழிக்கத்தான் பார்ப்பான். உபயோகமற்றது என்று தள்ளப்பட்டதிலிருந்துதான் அந்த வீட்டுக்குக் காவல் முடைய வேண்டியிருக்கிறது. வெட்டக்கூடாது, பிடுங்க வேண்டும் என்பது விதி. கடைசி நேரத்தில் கிளேர்காரியும் காரில் ஏறிக்கொண்டாள். எல்லோரையும்விட வேகமாக, அடியைப் பிடித்துச் சுண்டி இழுத்து அவள்தான் அதிகமாகப் பிடுங்கினாள்.

சடங்கின் அமைப்பு இது. அயர்லாந்தின் வடபகுதிகளில் பதிவானது. பிடுங்கிய கோரையை இருட்டும்வரை வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். இருட்டியதும் வீட்டிலிருந்து ஒருத்தி - பிரீத் என்று பெயருள்ளவள் இருந்தால் அவள் - வெளியே போகிறாள். வெளியே போன கணத்திலிருந்து அவள் அந்த வீட்டுப் பெண் இல்லை, பிரிஜித். கதவைத் தட்டி, மண்டியிடுங்கள், கண்களைத் திறவுங்கள், பிரிஜித்தை உள்ளே விடுங்கள் என்கிற அர்த்தத்தில் அழைக்கிறாள். உள்ளே இருப்பவர்கள் மண்டியிட்டபடி, அவள் வரவு நல்வரவு என்று பதில் சொல்கிறார்கள். மூன்று முறை. மூன்றாவது பதிலுக்குப் பிறகு கதவு திறக்கிறது. கோரைக்கட்டை உள்ளே கொண்டுவந்து மேஜைக்கடியில் வைத்துவிட்டுச் சாப்பாடு. சாப்பாடு முடிந்த பிறகுதான் சிலுவை முடைவது.

பெயர் இருப்பதால் கிளேர்காரிதான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. சரி, மழையில் நனைகிறேன், நீங்கள் முட்டி போடுங்கள் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பின்கட்டுக் கதவு வழியாகப் போனாள். சமையலறை விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். நான்கு பேரும் லினோலியம் தரையில் மண்டியிட்டோம். டப்ளின்காரன், கட்சிக்குத் தெரிந்தால் என்னை நீக்கிவிடுவார்கள் என்றான்.

முதல் தட்டல். ஐரிஷ் மொழியில், பிரசங்கம் செய்கிற பாதிரியாரின் இழுவையில் அழைத்தாள். சிரித்துக்கொண்டே பதில் சொன்னோம். இரண்டாவது முறை இழுவை இல்லை, வேகமாக, தணிந்த குரலில். பதில் சொன்னோம். மூன்றாவது முறை தட்டல் மட்டும் கேட்டது. வார்த்தை வரவில்லை. தகரக் குழாயில் மழை இறங்கும் சப்தம் மட்டும். மறந்துவிட்டாள் என்று நினைத்து டொனகால்காரி உள்ளிருந்தே வாசகத்தை மெல்ல எடுத்துக் கொடுத்தாள். அப்போது வெளியிலிருந்து, ஆங்கிலத்தில், ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னாள். சற்று நிறுத்தினாள். இன்னொரு பெண்ணின் பெயரைச் சொன்னாள். இரண்டும் ஒருத்திதான், அவளை உள்ளே விடுங்கள் என்றாள்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய பதில் எங்கள் கையில் இருந்தது. அதைச் சொன்னோம். லீட்ரிம்காரன் எழுந்து கதவைத் திறந்தான்.

சாப்பாட்டு மேஜையில் - வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, நடுவில் குழித்து வெண்ணெய் - அவளாகவே சொன்னாள். பெயர்கள் அவளுடைய பாட்டியுடையவை. முதலாவது பெற்றோர் வைத்தது. இரண்டாவது, 1950-களில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சலவைக்கூடம் ஒன்றில் அவரை அடைத்து வைத்திருந்த நான்கு வருஷம் அங்கே அவரைக் கூப்பிட்டது. எந்த ஊர், எந்த மடம் என்று அவள் சொன்னாள். இங்கே அது வேண்டாம். அந்த இரு பெயர்களையும் எழுத எனக்கு உரிமையில்லை.

மக்தலேன் சலவைக்கூடங்களைப் பற்றி இப்போது உலகம் அறியும். 1922-ல் நாடு பிறந்த பிறகு அங்கே இயங்கியவை 10. கடைசியாக மூடப்பட்டது 1996-ல். அரசாங்கம் அமைத்த குழு 2013 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை, அவற்றுக்குள் போன பெண்களின் எண்ணிக்கையை ஏறத்தாழ 10,000 என்றது. மணமாகாமல் தாயானவர்கள், அனாதைகள், சில்லறைக் குற்றம் செய்தவர்கள், வீட்டுக்கு வேண்டாதவர்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் கூலியில்லா வேலை. உள்ளே போனதும் பலருடைய பெயரை மாற்றிவிடுவார்கள். அதே மாதம் 19-ந் தேதி பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பாட்டி அப்போது உயிரோடிருந்தார். செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தேநீர் போடப் போனாராம். கோப்பைகளை வைத்துவிட்டு, அங்கே என்னை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று மட்டும் சொன்னாராம். குடும்பத்தில் அதற்குமுன் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறு வருஷம் இறந்துவிட்டார்.

டப்ளின்காரன் நல்லவன். தாங்க முடியாமல்தான் அதைக் கேட்டான் என்று நினைக்கிறேன். இதை எங்களிடம் சொல்ல ஒரு புனிதையும் மெழுகுவர்த்தியும் எதற்கு, இந்த மேஜையில் உட்கார்ந்தே சொல்லியிருக்கலாமே என்றான்.

கேள்வி நியாயமானது. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கு நான் தேடும் பதில்தான். அந்த மேஜையில் அவள் எங்களோடு இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள். தேர்தல், வாடகை, காதல், சாவு எல்லாவற்றையும் பேசினோம். சலவைக்கூடங்களைப் பற்றியே பேசியிருக்கிறோம், அவளும் வாதாடியிருக்கிறாள். அது கருத்து. கருத்துக்கு மேஜை போதும். பாட்டியின் பெயருக்கு அது போதவில்லை. மேஜையில் சொன்னால் பதிலாக என்ன வரும்? ஐயோ என்போம். விவரம் கேட்போம். அனுதாபப்படுவோம். உடனே அவள் எங்கள் அனுதாபத்தைச் சமாளிக்க வேண்டியவளாகிவிடுவாள். கதவுக்கு வெளியே நின்று சொன்னபோது, விஷயம் புரியாத நிலையிலேயே நாங்கள் வரவேற்றோம். விசாரிக்காமல் வரவேற்பதற்கான வார்த்தை, எங்கள் நல்லெண்ணத்துக்குக் காத்திராமல், ஏற்கெனவே செய்து வைக்கப்பட்டிருந்தது. அதை நம்பாதவர்கள் வாயிலிருந்தும் அது வேலை செய்தது.

இன்னொன்றை அவளே கண்டு சொன்னாள். பாட்டி அங்கே உள்ளே இருந்தவர். மண்டியிட்டுத் தரை தேய்த்தார், மண்டியிட்டு ஜெபித்தார். இங்கே மண்டியிட்டவர்கள் உள்ளே இருந்த நீங்கள், நான் நின்றுகொண்டிருந்தேன் என்றாள். சொன்ன தோரணை சாதாரணம், கிழங்கை அள்ளிக்கொண்டே. நான் அதிர்ந்துபோனேன். டனஹரின் புத்தகத்தில் அந்தச் சடங்கை நானும் படித்திருந்தேன். எல்லோரும் மண்டியிடுகிறார்கள் என்றுதான் மனசில் பதிந்திருந்தது. எல்லோரும் அல்ல. கூரையும் அடுப்பும் உள்ளவர்கள், மழையில் கூரையில்லாமல் நிற்பவளுக்காக மண்டியிடுகிறார்கள். கதவைத் திறப்பது தர்மம் செய்வதாக ஆகிவிடாதபடி, திறக்கிறவனை முதலில் கீழே இறக்கிவிடுகிறது அந்த அமைப்பு. பெண்களை உள்ளே தள்ளிப் பூட்டிய அதே சமூகம் இதையும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறது என்பது கசப்பான உண்மை. 1950-களில், ஏதோ ஒரு வீட்டில், மகளை அனுப்பிவைத்துவிட்டு வந்தவர்கள் அந்த ஜனவரி இரவில் மண்டியிட்டு பிரிஜித்துக்கு நல்வரவு சொல்லியிருப்பார்கள். எனவே சடங்கு மனிதனை நல்லவனாக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. செய்கிறவர்களைவிட அது அதிகம் தெரிந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நல்ல கவிதை கவியைவிட அதிகம் தெரிந்து வைத்திருப்பதைப் போல.

பிறகு முடைந்தோம். டொனகால்காரி கற்றுக்கொடுத்தாள். ஒரு கோரையை நிமிர்த்திப் பிடித்து, இரண்டாவதைப் பாதியில் மடித்து அதன் இடுப்பில் கோக்க வேண்டும். பிறகு கால் வட்டம் திருப்பி, மூன்றாவதை மடித்து இரண்டாவதன்மேல். மறுபடி கால் வட்டம். எப்போதும் ஒரே திசை, எப்போதும் முந்தினதை அணைத்தபடி. முப்பது கோரையாவது போனால்தான் உருப்படியாக நிற்கும். நடுவில் ஒரு சதுரம் திரண்டு வருகிறது. அதை யாரும் முடைவதில்லை. மடிப்பும் திருப்பமும் ஒழுங்காக இருந்தால் அது தானே அமைகிறது. கையைத் தளரவிட்டால் மொத்தமும் பிரிந்துவிடும். கடைசியில் நான்கு கரங்களின் நுனியையும் நூலால் கட்டி நறுக்க வேண்டும். கிளேர்காரியினுடையது கோணலாக வந்தது. மார்க்ஸியவாதியினுடையதுதான் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை. அடுத்த திங்கட்கிழமை நாட்டோடு சேர்ந்து நாங்களும் விடுமுறையை வாங்கிக்கொண்டு தூங்கினோம்.

இதற்குப் பிறகு அவள் மாதாகோயிலுக்குப் போகவில்லை. யாரையும் மன்னித்ததாகவும் தெரியவில்லை. சடங்கு அவளைக் குணப்படுத்தியது என்று முடித்தால் கட்டுரை அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும். ஒரு பெயர் ஒரு வீட்டுக்குள் வந்தது. நடந்தது அவ்வளவே.

ஸ்தாபனங்களின் கையில் இதே பிரிஜித் வேறு விதமாகப் பயன்படுகிறாள். 1993-ல் கில்டேரில் பிரிஜித்தின் பெயரால் இயங்கும் சகோதரிகள், நூற்றாண்டுகளாக அணைந்திருந்த அந்த நெருப்பை மறுபடி ஏற்றினார்கள். அதே 1993-ல் டப்ளினில் ஹை பார்க் என்ற இடத்தில், சலவைக்கூடம் நடத்திய மடம் நிலத்தை விற்றபோது, அங்கே புதைக்கப்பட்டிருந்த 155 பெண்களின் எச்சங்களைத் தோண்டி எடுத்தார்கள். பலருக்கு மரணச் சான்றிதழ்கூட இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார்மீதும் கல்லெறிவது என் நோக்கமல்ல. நெருப்பை ஏற்றியவர்கள் வேறு, நிலம் விற்றவர்கள் வேறு. ஆனால் ஒரே நாடு, ஒரே வருஷம். 2024 ஜனவரியில், பிரிஜித் மறைந்து 1,500 வருஷம் என்று, அவருடைய எலும்புத் துண்டு ஒன்றை விமரிசையாகக் கில்டேருக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். விடுமுறைக்கு ஓர் அர்த்தம், எலும்புக்கு ஓர் அர்த்தம், எல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டவை. அவற்றில் ஒருத்தி நின்று, எழுதி வைக்கப்படாத ஒரு பெயரைச் சொல்ல இடமில்லை. இருபதாம் இரவுக்கும் சேர்த்து ஆள் போட்டுவிட்ட ஏற்பாடுகள் அவை.

நம் வட்டத்தில் உருவம் என்றால் இன்றும் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் உண்டு. சொல்ல விஷயமில்லாதவன் உருவத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்பார்கள். அப்படி அழுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சொல்ல விஷயம் இருந்தும், அது சொல்லில் அடங்காத அளவுக்குக் கனமாக இருந்து, வருஷக்கணக்கில் வாய் மூடி இருக்கிறவர்கள் அவர்களைவிட அதிகம். அவர்களுக்குத் தேவை இன்னொரு கருத்து அல்ல. தட்டுவதற்கு ஒரு கதவு, எத்தனை முறை தட்டுவது என்ற கணக்கு, உள்ளேயிருந்து என்ன பதில் வரும் என்ற நிச்சயம். மூன்றாவது தட்டலுக்குப் பின் வரும் மௌனம், முதல் இரண்டு தட்டல்கள் இல்லாமல் மௌனமே ஆகியிருக்காது.

பழைய சிலுவையைக் கழற்றி எறிவதில்லை என்பது பல வீடுகளில் வழக்கம். புதியதைப் பக்கத்தில் செருகுவார்கள். பழைய கூரை வீடுகளில் எரவாணத்தைப் பார்த்து, அந்த வீட்டில் எத்தனை ஜனவரி கழிந்தது என்று எண்ணிவிடலாமாம். நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்தபோது, ஐந்து சிலுவைகளையும் அடுத்து வரும் மாணவர்களுக்கென்று கதவின் மேலேயே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. கிளேர்காரி மட்டும் ஸ்டூலில் ஏறித் தன்னுடைய கோணல் சிலுவையைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். அம்மா வீட்டுச் சமையலறைக்கு என்றாள்.